வாஷருக்கு அடியில் இருந்த பெயின்ட்

குடும்பத்தோடு நெடும்பயணம் போவதற்காக வேனில் இரண்டாவது பேட்டரியும் 12 வோல்ட் குளிர்பெட்டியும் பொருத்தினேன். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தவரை பெட்டி ஒழுங்காக இயங்கியது. அணைத்த சில நிமிடங்களில் நின்றுவிட்டது. ஃபியூஸை மாற்றினேன், பிறகு பேட்டரியையே மாற்றினேன். வீண்செலவு. மூன்று நாட்கள் போயின.

பேட்டரி முனையில் மீட்டர் 12.6 வோல்ட் காட்டியதுதான் என்னை ஏமாற்றியது. அது பெட்டியைக் குளிர்விக்கும் கம்ப்ரசர் ஓடாதபோது எடுத்த அளவு. ஓடும்போது பெட்டியின் பிளக்கில் அளந்தால் 10.9! பேட்டரியின் மைனஸ் முனைக்கும் வேனின் உடற்தகட்டுக்கும் இடையே மட்டும் 1.5 வோல்ட் தொலைந்துகொண்டிருந்தது.

மைனஸ் ஒயரை உடற்தகட்டோடு இணைக்கும் எர்த் போல்ட்டைக் கழற்றினேன். வாஷருக்கு அடியில் பெயின்ட் கீறல்கூட இல்லாமல் பளபளத்தது. மின்சாரம் போல்ட்டின் மரை வழியாகத்தான் தட்டுத்தடுமாறிப் போயிருக்கிறது. உப்புத்தாளால் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். இழப்பு 0.1 வோல்ட்டுக்கும் கீழே இறங்கியது. அன்றிரவு முழுக்கப் பெட்டி ஓடியது.