தலையில் அடிபட்ட பிறகு எழுத்து ஓடுகிறதா? ஒரு கயிறு, மூன்று பாசிமணி வைத்து வீட்டில் கண் பயிற்சி

ஸ்கேன் நார்மல். கண் டெஸ்டில் 6/6. ஆனாலும் பேப்பரை எடுத்தால் பத்து வரிக்குள் எழுத்து ஓடுகிறது, நெற்றி விண்ணென்று வலிக்கிறது. பைக்கிலிருந்து விழுந்து சில வாரம் கழித்தும் இப்படிச் சொல்பவர்களை வீட்டில் “வேலைக்குப் போகாமலிருக்க சாக்கு” என்பார்கள். சாக்கு இல்லை. 6/6 என்பது ஒரு கண்ணை மூடிக்கொண்டு 6 மீட்டரில் அசையாத எழுத்தைப் படிப்பது. கன்கஷனில், அதாவது தலையில் அடிபட்டு மூளை குலுங்கும் காயத்தில், பெரும்பாலும் கெடுவது, இரண்டு கண்ணும் சேர்ந்து உள்பக்கம் திரும்பி, கிட்டத்தில் ஒரே புள்ளியில் நிற்கும் திறன். இதைக் குவிப்பு என்போம்.

தொடங்கும் முன்

திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், கை கால் பலவீனம், கண்மணி ஒன்று பெரிதாகத் தெரிவது: இதில் எது இருந்தாலும் 108. பயிற்சி பற்றிய பேச்சே வேண்டாம்.

தூரத்திலும் எந்நேரமும் இரட்டையாகத் தெரிந்தால் கண்ணை அசைக்கும் நரம்பில் அடியிருக்கலாம். டாக்டர் பார்க்காமல் தொடங்காதீர்கள். ஒரு கண்ணை மூடிய பிறகும் இரட்டையாகவே தெரிந்தால் அது குவிப்புக் கோளாறு அல்ல. கண்ணாடி பவரிலோ கண்ணுக்குள்ளோ காரணம் இருக்கும்.

முதல் 24–48 மணி நேரம் ஓய்வு, பிறகு மெல்லிய நடை. பலருக்கு இந்தத் தொல்லை தானாகவே அடங்கிவிடும். நான்கு வாரம் தாண்டியும் இருந்தால், நம் பக்கத்தில் தர்மபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவில் காட்டுங்கள். இரு கண் ஒத்துழைப்பைச் சோதிக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட் தேவைப்பட்டால் தர்மபுரிக்குச் சேலமும் ஓசூருக்குப் பெங்களூரும் கிட்டம். சேலம் போகும் வழியில் தொப்பூர் மலைச்சாலை வளைவுகளில் பஸ் இறங்கும்போது கிறுகிறுப்பு கூடும். முன் சீட்டில் உட்கார்ந்து தூரச் சாலையைப் பாருங்கள், போனை எடுக்காதீர்கள்.

படி 1: அளவு எடுப்பது

பேனா மூடியில் ஒரு சிறிய எழுத்தை ஒட்டி, கை நீட்டும் தூரத்திலிருந்து மூக்கை நோக்கி மெதுவாகக் கொண்டுவாருங்கள். எழுத்து இரண்டாகப் பிரியும் இடத்தில் நிறுத்தி, மூக்கின் மேல்தண்டிலிருந்து உள்ள தூரத்தை வேறொருவர் ஸ்கேலால் அளக்கட்டும். மூன்று முறை செய்து மூன்றையும் எழுதுங்கள். 6 செ.மீ. வரை பிரியாமல் வந்தால் நல்லது. 10 செ.மீ.க்கு அப்பாலேயே பிரிந்தால் குவிப்பு குறைவு. முதல் முறை 8, மூன்றாம் முறை 14 என்று விலகிப்போனால் கண் சீக்கிரம் களைக்கிறது என்று அர்த்தம். சராசரியைவிட இந்த விலகல்தான் அதிகம் சொல்லும்.

படி 2: கயிறு

பிராக் ஸ்ட்ரிங் என்பார்கள். 2–3 மி.மீ. தடிமனில் ஒன்றரை மீட்டர் வெள்ளைக் கயிறு. ஃபேன்சி ஸ்டோரில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று பெரிய பாசிமணி. பளபளக்கும் மணி வேண்டாம், விளக்கொளி பட்டுக் கண் கூசும். துளை பெரிதாக இருந்தால் மணி நழுவும். இரண்டு பக்கமும் ரப்பர் பேண்ட் சுற்றுங்கள். மணிகள் மூக்குப் பக்க முனையிலிருந்து 40, 80, 120 செ.மீ.யில்.

மறுமுனையை ஜன்னல் கம்பியில் கட்டாதீர்கள். பின்னால் உள்ள கம்பிகளும் இரண்டிரண்டாகத் தெரிந்து குழப்பும். கதவுக் கைப்பிடியில், வெறும் சுவர்ப் பின்னணியில் கட்டுங்கள்.

படி 3: பார்ப்பது

முனையை மூக்கு நுனியில் பிடித்து, கயிறு தொய்யாமல் இழுத்து உட்காருங்கள். வழக்கமான கண்ணாடி இருக்கட்டும். பைஃபோகல் போடுபவர் எந்தப் பாகம் வழியாகப் பார்ப்பது என்று கேட்டுவிட்டுச் செய்யவும். தவறான பாகம் மணியை மங்கலாக்கும்.

நடுமணியைப் பாருங்கள். மணி ஒன்றாகவும் கயிறு இரண்டாகவும் தெரிந்து, இரண்டும் மணியிலேயே குறுக்காக வெட்ட வேண்டும். மற்ற மணிகள் இரட்டையாகத் தெரியும். பலர் இதைக் கண்டு பயந்து நிறுத்திவிடுகிறார்கள், ஆனால் அதுதான் சரி. கயிறுகள் மணிக்கு அப்பால் வெட்டினால் கண் போதுமான அளவு குவியவில்லை. மணிக்கு முன்னால் வெட்டினால் தேவைக்கு மேல் குவிகிறது. ஒரே கயிறுதான் தெரிகிறது என்றால் மூளை ஒரு கண்ணின் படத்தை அணைத்துவிட்டது. இரண்டு முறை சிமிட்டுங்கள், கயிற்றை லேசாக ஆட்டுங்கள். அப்படியும் வராவிட்டால் வற்புறுத்தாதீர்கள். சிறு வயதிலிருந்தே மாறுகண் உள்ளவர்களுக்கு இந்தப் பயிற்சி பொருந்தாது.

ஒவ்வொரு மணியிலும் 5 நொடி; தூரம், நடு, கிட்டம், மறுபடி தூரம். 2 நிமிடம், நாளுக்கு இரண்டு வேளை. ஒரு வாரம் சுலபமாக வந்தால் கிட்ட மணியை 3 செ.மீ. உள்ளே தள்ளுங்கள்.

எவ்வளவு போதும்

தொடங்கும் முன் தலைவலி, கிறுகிறுப்புக்கு 10-க்கு ஒரு மதிப்பெண் போடுங்கள். பயிற்சியில் அது தொடங்கியதைவிட 2 மதிப்பெண்ணுக்கு மேல் ஏறினால் அன்றைக்கு அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் அடங்காவிட்டால் அடுத்த நாள் பாதி நேரம் செய்யுங்கள். “வலித்தால்தான் வேலை செய்கிறது” என்று 20 நிமிடம் இழுப்பவர்களே அதிகம் பின்வாங்குகிறார்கள்.

படி 4: கிட்டம், தூரம்

பெரிய எண் போட்ட மாதக் காலண்டர் 3 மீட்டரில், சின்னக் காலண்டர் கையில் 40 செ.மீ.யில். அங்கே ஒரு தேதி, தெளிந்ததும் இங்கே அடுத்த தேதி. ஒரு நிமிடம் போதும். 45 வயதைத் தாண்டியவர்கள் இதை விடலாம். லென்ஸின் ஃபோகஸ் திறன் அந்த வயதில் பயிற்சியால் திரும்பாது.

தலையை ஆட்டியபடி கட்டை விரலைப் பார்க்கும் பயிற்சியை, கழுத்துவலி இருக்கும்போது தொடவே வேண்டாம்.

வீட்டுக்குள் கூலிங் கிளாஸ் போடாதீர்கள், கண் இருட்டுக்குப் பழகிக் கூச்சம் கூடும். வெளியே வெயிலில் தொப்பியோடு போடுங்கள். போனில் எழுத்தைப் பெரிதாக்குங்கள்; ரீல்ஸ் தள்ளுவதுதான் கண்ணை அதிகம் படுத்தும். இரட்டைப் பார்வை முழுசாகப் போகும்வரை பைக் சாவி வேறொருவரிடம் இருக்கட்டும்.

பேனாவையோ பென்சிலையோ மூக்கை நோக்கிக் கொண்டுவரும் பயிற்சி மட்டும் போதுமா என்று கேட்பவர்களுக்கு: 2008-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், குவிப்புக் குறைவுள்ள 9–17 வயதுப் பிள்ளைகளில் கிளினிக் பயிற்சியோடு வீட்டுப் பயிற்சியும் செய்தவர்களில் 73% பேரும், வீட்டில் பென்சில் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 43% பேரும் 12 வாரத்தில் தேறினார்கள். அது அடிபட்டவர்களிடம் செய்த ஆய்வு அல்ல. ஆனாலும் நான்கு வாரத்தில் உங்கள் செ.மீ. எண் குறையவில்லை என்றால், அந்த நோட்டையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு ஆப்டோமெட்ரிஸ்டிடம் போங்கள். கயிறு எங்கே வெட்டுகிறது என்று காட்டினாலே பாதிப் பரிசோதனை முடிந்துவிடும்.