ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட 1991 மே 21 ராத்திரியைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்பது எப்படி?

"ராஜீவைக் கொன்னது யாரு?" என்று ஆரம்பிக்காதீர்கள். அப்படிக் கேட்டால் நம் ஆட்கள் நினைவைச் சொல்ல மாட்டார்கள், தீர்ப்பு சொல்வார்கள். "அன்னிக்கு ராத்திரி எங்க இருந்தீங்க? எப்படி வீடு போய்ச் சேர்ந்தீங்க?" போதும். பஸ் நின்றது, தி.மு.க. கொடிக்கம்பங்கள் சாய்ந்தது, ஓட்டுப்போடுவது ஜூனுக்குத் தள்ளிப்போனது எல்லாம் தானாக வரும்.

குறுக்கே மறுக்காதீர்கள். வாலாஜாபாத்தில் இருக்கும் என் அத்தை, குண்டுச் சத்தம் தன் காதில் விழுந்தது என்பார். ஸ்ரீபெரும்புதூர் எங்கே, வாலாஜாபாத் எங்கே! "அப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்க அத்தை?" என்றேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாராம். கொஞ்சம் பொறுத்து, "விடியக்காலைல பால்காரன் வந்து சொல்லித்தான்டா தெரியும்" என்றார். இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

நோட்டில் மூன்று பத்தி பிரியுங்கள்: பார்த்தது, கேட்டது, பின்னால் படித்தது. முதலில் உங்களையே அதில் போட்டுப் பாருங்கள். நான் பத்திரிகையில் மெய்ப்புத் திருத்தியவன். மறுநாள் காலைப் பேப்பரிலேயே, குண்டைக் கட்டிக்கொண்டு வந்த தணுவின் படத்தைப் பார்த்ததாக இருபது வருஷம் சொல்லித் திரிந்தேன். குண்டு வெடித்தது இரவு 10.20 மணி அளவில். அங்கேயே இறந்துபோன புகைப்படக்காரர் ஹரிபாபுவின் கேமராவிலிருந்து எடுத்த படம் விடிவதற்குள் எப்படி அச்சாகும்?

இனி சதிக் கதைகள். "மேடையில இருந்த தலைவருங்களுக்கு ஒரு கீறல்கூட இல்லையே?" என்பார்கள். குண்டு மேடையில் வெடிக்கவில்லை. மேடைக்கு நடந்துபோகும் வழியில், ராஜீவின் காலைத் தொடக் குனிந்த தணுவின் இடுப்பு பெல்ட்டில் வெடித்தது. பக்கத்தில் நின்ற போலீஸ்காரர்களும் கட்சிக்காரர்களும் செத்தார்கள்.

"கமிஷனே சொல்லிடுச்சு" என்றால், எந்தக் கமிஷன் என்று கேளுங்கள். வர்மா கமிஷன் பார்த்தது பாதுகாப்புக் குறைபாட்டை. சதியைப் பார்த்தது ஜெயின் கமிஷன். அதன் இடைக்கால அறிக்கைதான் 1997-இல் குஜ்ரால் ஆட்சியைக் கவிழ்த்தது. பேசுபவர் பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுவார்.

"எல்லாரையும் தூக்குல போட்டுட்டாங்களே" என்பவரும் உண்டு. 1998-இல் பூந்தமல்லி தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்ட) நீதிமன்றம் 26 பேருக்குத் தூக்கு விதித்தது நிஜம். 1999-இல் உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது. மிச்சம் ஏழு பேரும் 2022-இல் வெளியே வந்தார்கள். தூக்கில் ஏறியவர் ஒருவருமில்லை.

ஆனால் சந்தேகம் எல்லாவற்றையும் ஒரே குப்பைக்கூடையில் கொட்டாதீர்கள். தான் வாங்கித் தந்த 9 வோல்ட் பேட்டரி எதற்கென்று தெரியாது என்று அந்த ஏழு பேரில் ஒருவரான பேரறிவாளன் சொன்னதை வாக்குமூலத்தில் விட்டுவிட்டதாக, அதைப் பதிவுசெய்த சி.பி.ஐ. அதிகாரியே 2013-இல் சொன்னார். சொன்னவர் யார், எப்போது, எதைப் பற்றி என்று கை வைத்துக் காட்ட முடிகிற சந்தேகம் இது. டீக்கடையில் "பெரிய எடத்து வேலைப்பா" என்று கண்ணடிப்பது வேறு ரகம்.

எழுதியதற்குக் கீழே தேதி போடுங்கள், ஒரு வருஷம் கழித்து மறுபடி கேளுங்கள். போன பொங்கலுக்கு அத்தையிடம் கேட்டேன். இப்போது அந்தப் பால்காரரும் சத்தத்தைக் கேட்டிருக்கிறார்.