சிகாகோ சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் செய்கிற தவறுகள்

பதினாறு வருஷமாகச் சிகாகோவின் மேற்குப் புறநகரில் குடியிருக்கிறோம். ஜூன் பிறந்தால் ஊரிலிருந்து யாராவது வந்துவிடுவார்கள். கோடை முழுக்க எனக்கு கைடு உத்தியோகம்தான். அப்பா அம்மா, மாமனார் மாமியார், இரண்டு சித்தப்பா குடும்பங்கள், பக்கத்து வீட்டு நண்பரின் அத்தை என்று கூட்டிப்போன ஆட்கள் இருபது பேருக்கு மேல் இருக்கும். ஆரம்பத்தில் தவறுகளை நானேதான் செய்தேன். இப்போது அடுத்தவர்கள் செய்வதை வேடிக்கை பார்க்கிறேன்.

எல்லாவற்றிலும் பெரியது இதுதான்: வந்த அன்றைக்கே கோபுரத்தில் ஏறுவது. வில்லிஸ் டவர் 442 மீட்டர், 110 மாடி. 1998இல் கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் கோபுரங்கள் முந்தும்வரை உலகிலேயே உயரமான கட்டடம். பழைய ஆட்கள் இன்னும் சியர்ஸ் டவர் என்றுதான் சொல்வார்கள். 103ஆம் மாடியில் கண்ணாடிப் பெட்டி மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் நின்று கீழே பார்த்தால் வயிறு கலங்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊரைப் பற்றி எதுவும் தெரியாமல் மேலே போனால் தெரிவது தீப்பெட்டி அடுக்கு மட்டும்தான். ஐந்து நிமிடத்தில் "சரி, பார்த்தாச்சு, போலாமா?" என்பார்கள். என் மாமனார் அப்படித்தான் கேட்டார். டிக்கெட் விலையை நான் அவரிடம் சொல்லவில்லை.

சிகாகோ கீழிருந்து அண்ணாந்து பார்க்க வேண்டிய ஊர். அதற்குத் தோதான இடம் ஆற்றின் நடுவே. கட்டடக்கலைப் படகுச் சவாரி என்று ஒன்றரை மணி நேரம் கூட்டிப்போவார்கள். படகில் ஒருவர் மைக் பிடித்து ஒவ்வொரு கட்டடத்தின் கதையையும் சொல்லிக்கொண்டே வருவார். அதைத்தான் முதல் நாள் செய்ய வேண்டும். சோளக்கதிர் இரண்டை நட்டு வைத்த மாதிரி மெரினா சிட்டி வரும். அதன் கீழ் 19 மாடியும் கார் நிறுத்த மட்டும். வளைந்த மாடி விளிம்பில், ஆற்றைப் பார்க்கக் கார்கள் அடுக்கியிருப்பது படகிலிருந்து துல்லியமாகத் தெரியும். எந்தப் பாட்டியும் அதைப் பார்த்துவிட்டு "பிரேக் பிடிக்கலேன்னா?" என்று கேட்காமல் இருந்ததில்லை. நீங்கள் மிதக்கிற ஆறே திருப்பிவிடப்பட்டது. ஏரிக்குள் விழுந்துகொண்டிருந்த ஆற்றை, ஊர்க் கழிவு குடிதண்ணீரில் கலக்கிறது என்று கால்வாய் வெட்டி 1900இல் எதிர்த்திசையில் ஓட வைத்தார்கள்.

இதைக் கேட்டபின் மறுநாள் கோபுரம் ஏறினால் கதையே வேறு. "அதோ சோளக்கதிர், அதோ நேத்து போன ஆறு" என்று ஒரு மணி நேரம் நகர மாட்டார்கள். படகிலும் ஒரு சின்னத் தவறு உண்டு. மேல்தளத்தில் நிழல் கிடையாது. தொப்பி வேண்டும். ஏரிப்பக்கத்துக் காற்று அடித்தால் ஜூலையிலும் ஸ்வெட்டர் வேண்டும். டிசம்பரில் வருகிறவர்கள் படகை மறந்துவிட வேண்டியதுதான். வசந்தத்தில் தொடங்கி நவம்பர் வாக்கில் நிறுத்திவிடுவார்கள்.

எந்தக் கோபுரம் என்ற கேள்விக்கு என் கட்சி ஹான்காக். இப்போது தெரு எண்ணையே பெயராக வைத்திருக்கிறார்கள், ஆனாலும் ஊருக்கு அது ஹான்காக்தான். 94ஆம் மாடி. ஏரி காலடியில் கிடக்கும், கரை வளைவு முழுசாகத் தெரியும். வில்லிஸ் டவரும் பார்வைக்குள் வரும். வில்லிஸ் மேல் நின்றால் வில்லிஸைப் பார்க்க முடியாதே! இரண்டுக்கும் டிக்கெட் எடுப்பது வீண் செலவு. இந்த இரண்டு கட்டடத்துக்கும் எலும்புக்கூடு வடிவமைத்த பொறியாளர் ஒருவரே: டாக்காவில் பிறந்த ஃபஸ்லூர் ரஹ்மான் கான். ஒன்பது சதுரக் குழாய்களைக் கட்டாகக் கட்டி நிறுத்திய மாதிரிதான் வில்லிஸ் டவர் நிற்கிறது. எதிரே தெருமுனையில் அவர் பெயரில் பலகை இருக்கும். கோபுரத்தைப் பார்த்தவர்கள் அதைப் பார்ப்பதில்லை.

டிக்கெட்டை ஒரு மாதம் முன்பே வாங்கி வைப்பதும் தவறு. மேகம் இறங்கினால் மேல்மாடியில் சுற்றிலும் வெள்ளைத் திரைதான். அன்று காலை வானத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அந்தி வெளிச்சமும் இரவு விளக்கும் ஒரே டிக்கெட்டில் கிடைக்க வேண்டுமானால் சூரியன் மறைவதற்கு முக்கால் மணி முன்பு மேலே இருக்க வேண்டும். ஜூனில் மறைவது இரவு எட்டரை வாக்கில், டிசம்பரில் மாலை நாலு இருபதுக்கே. இந்த வித்தியாசம் தெரியாமல் குளிர்காலத்தில் ஆறு மணிக்கு "சன்செட் பார்க்க" வந்து நின்ற குடும்பத்தை எனக்குத் தெரியும். எங்கள் குடும்பம்தான்.

அடுத்தது பீன். மில்லேனியம் பார்க்கில் இருக்கும் அந்தப் பளபளப்பான பெரிய உருவத்துக்கு, அதைச் செய்த சிற்பி அனிஷ் கபூர் வைத்த பெயர் வேறு. மும்பையில் பிறந்தவர். ஊர்க்காரர்கள் மொச்சைக்கொட்டை என்று வைத்ததுதான் நிலைத்தது. பத்து மணிக்குப் போய், நூறு பேர் தலைக்கு நடுவே செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். செய்ய வேண்டியது, குனியாமல் அதன் அடியில் நடந்து போய் மேலே பார்ப்பது. நடுவில் தொப்புள் மாதிரி ஒரு குழி. உங்கள் முகம் நீண்டு, பிளந்து, நாலைந்தாக வழியும். 168 எஃகுத் தகடுகளைப் பற்றவைத்த உருவம் அது. தேடிப் பாருங்கள், ஒரு ஒட்டுக்கூட அகப்படாது. சின்னப் பிள்ளைகளை அங்கிருந்து கிளப்புவது கஷ்டம். பக்கத்து நீரூற்றைக் காட்டினால் இன்னும் கஷ்டம். இரண்டு கண்ணாடிக்கல் தூண்களில் ஊர்க்காரர்களின் முகம் மாறி மாறித் தெரியும், கோடையில் அந்த வாயிலிருந்து தண்ணீர் கொட்டும். மாற்றுத் துணி கொண்டுபோகாதது நிச்சயத் தவறு. கோடையில் அதே பூங்காவின் புல்வெளியில் இலவச இசைக் கச்சேரி நடக்கும். சாப்பாடு கொண்டு போகலாம். பீத்தோவனுக்கு நடுவே புளிசாத டப்பாவைத் திறந்தபோது பக்கத்து விரிப்பில் இருந்த அம்மா என்ன மணம் என்று கேட்டார். கொஞ்சம் கொடுத்தோம்.

கார் விஷயம். "குழந்தைங்க இருக்கு, பெரியவங்க இருக்காங்க, கார்லயே போயிடலாம்." இப்படித்தான் எல்லாரும் தொடங்குவார்கள். டவுன்டவுனில் வேக்கர் டிரைவ் என்று ஒரு சாலை, ஆற்றை ஒட்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுகிறது. கீழ்த்தளத்தில் நுழைந்ததும் ஜிபிஎஸ் தடுமாறும். நீலப்புள்ளி ஆற்றுக்குள் போகும், "வலப்பக்கம் திரும்பு" என்று சொன்ன இடத்தில் தூண்தான் இருக்கும். பச்சை மஞ்சள் வெளிச்சத்தில் நான் அந்தப் பாதாளத்தை இரண்டு தடவை சுற்றி வந்திருக்கிறேன், பின்சீட்டில் அம்மா கந்த சஷ்டி கவசம் சொல்ல. வெளியே வந்தால் பார்க்கிங். நகராட்சி தன் தெரு மீட்டர்களை 75 வருஷத்துக்கு 115 கோடி டாலருக்கு ஒரு தனியார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டது. கட்டணம் எப்படி இருக்கும் என்று நீங்களே யூகிக்கலாம். கட்டட கராஜுகளில் இன்னும் கூட. ஆப்பில் முன்பதிவு செய்தால் ஓரளவு குறையும். டிசம்பர் முதல் ஏப்ரல் 1 வரை பல பெரிய சாலைகளில் அதிகாலை 3 முதல் 7 வரை வண்டி நிறுத்தக்கூடாது. ஸ்னோ ஒரு துளி இல்லாவிட்டாலும் இழுத்துப் போய்விடுவார்கள். வாடகைக் கார்க்காரர்களுக்கு இன்னொன்று. இல்லினாய்ஸ் டோலில் காசு வாங்க ஆள் கிடையாது. ஐ-பாஸ் என்கிற டோல் கருவி வண்டியில் இல்லையென்றால் 14 நாளுக்குள் இணையத்தில் நீங்களே கட்டிவிட வேண்டும்.

ரயிலில் வாருங்கள். ஓஹேர் விமான நிலையத்திலிருந்து ப்ளூ லைன் முக்கால் மணியில் நடு ஊருக்குக் கொண்டு வந்துவிடும். பிரவுன் லைனில் ஏறினால் அதுவே ஒரு காட்சி. நடு ஊரைச் சுற்றி 1897 முதல் இரும்புத் தூண்கள்மேல் ஓடுகிற தடம். அலுவலக ஜன்னல்களை உரசுகிற மாதிரி வளைந்து போகும், ஆற்றின் பாலத்தைத் தாண்டும். பெரியவர்களுக்கு படிதான் பிரச்சினை. லிப்ட் இருக்கிற ஸ்டேஷன் எது என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

மியூசியங்களுக்கு மூன்று எச்சரிக்கை. ஒன்று, இலவச நாள். அது இல்லினாய்ஸ்வாசிகளுக்கு மட்டும். முகவரியோடு அடையாள அட்டை கேட்பார்கள். உங்கள் லைசென்ஸ் பார்த்து உங்களை விடுவார்கள், ஊரிலிருந்து வந்த அப்பாவுக்கு முழு டிக்கெட். இரண்டு, ஐந்து இடங்களுக்குச் சேர்த்து விற்கும் சிட்டி பாஸ். அதற்கு ஒன்பது நாள் அவகாசம் தருகிறார்கள். இரண்டு நாள் பயணத்தில் அதை வாங்கி, காசு வீணாகக் கூடாது என்று காலையில் மீன்காட்சி, மதியம் டைனோசர், மாலை கோபுரம் என்று ஓடுவது தண்டனை. ஃபீல்ட் மியூசியத்துக்கு மட்டுமே அரை நாள் வேண்டும். அங்கே பெரிய கூடத்தில் நிற்பதைப் பார்த்து "இதுதான் சூ" என்று படமெடுத்துக்கொண்டு போகிறவர்கள் பலர். அது மாக்ஸிமோ, வேறொரு டைனோசரின் வார்ப்பு உருவம். 83 லட்சத்து 60 ஆயிரம் டாலர் கொடுத்து 1997இல் ஏலத்தில் எடுத்த அசல் டி-ரெக்ஸ் சூ, இப்போது மாடியில் தனி அறையில். அதன் உண்மையான மண்டையோடு கனம் தாங்காது என்று பக்கத்தில் தனிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். மூன்று, காசு கொடுக்காமல் பார்க்கக் கிடைப்பதை மறப்பது. லிங்கன் பார்க் மிருகக்காட்சிசாலை, கல்ச்சுரல் சென்டரின் டிஃபனி கண்ணாடிக் குவிமாடம் இரண்டும் இலவசம். கோளரங்கத்துக்கு வெளியே ஏரிக்கரைப் படிக்கட்டில் உட்கார்ந்தால் தெரிகிற நகரக் காட்சிக்கு எந்தக் கோபுரமும் ஈடில்லை.

விவேகானந்தர் பேசிய இடம் எங்கே என்று கேட்காத தமிழர் யாரும் வந்ததில்லை. அவரை அனுப்பச் சென்னையில் அளசிங்கப் பெருமாள் வீடு வீடாகப் பணம் திரட்டினார், ராமநாதபுரம் சேதுபதிக்கும் அதில் பங்குண்டு, கேட்பது நியாயம்தான். ஆனால் "உலகக் கண்காட்சியில் பேசினார்" என்று படித்துவிட்டு, ஏழு மைல் தெற்கே கண்காட்சி நடந்த ஜாக்சன் பூங்காவில் போய்த் தேடுகிறார்கள். சர்வமத சபை கூடியது நடு ஊரில், இன்று ஆர்ட் இன்ஸ்டிட்யூட் இருக்கிற கட்டடத்தில். வாசலில் இரண்டு சிங்கம் நிற்கும். 1893 செப்டம்பர் 11இல் அவர் பேசிய பெரிய மண்டபம் அந்தச் சபைக்காகத் தற்காலிகமாகப் போட்டது, இப்போது இல்லை. படிக்கட்டு முழுக்க அவர் பேச்சு வண்ண விளக்கில் ஒளிர்கிற படம் வாட்ஸப்பில் சுற்றும். அது ஜிதிஷ் கல்லாட் என்ற இந்தியக் கலைஞர் 2010இல் அமைத்த காட்சி, நிரந்தரம் இல்லை. வாசல் சாலையில் அவர் பெயர் போட்ட பழுப்புப் பலகை உண்டு. உள்ளே செவ்வாய், புதனில் விட மாட்டார்கள். என் சித்தப்பா முதல்முறை வந்தது செவ்வாய்க்கிழமை.

அதே சித்தப்பாவைப் பரிகாரமாக தெற்கே ஹைட் பார்க்குக் கூட்டிப்போனேன். அந்தப் பக்கம் பாதுகாப்பில்லை என்று கேள்விப்பட்டு யாரும் போவதில்லை. பகலில் பல்கலைக்கழகத்தைச் சுற்றி நிம்மதியாக நடக்கலாம். ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் வைத்திருக்கும் அறிவியல் மியூசியமும் பக்கம்தான். நோபல் பரிசு வாங்கிய விஞ்ஞானி சந்திரசேகர் 1937 முதல் சாகும்வரை இந்தப் பல்கலைக்கழகத்தில்தான் இருந்தார். 1942 டிசம்பரில் உலகின் முதல் அணு உலை ஓடிய இடத்தில் ஹென்றி மூர் செய்த வெண்கலச் சிலை, மண்டையோடா காளானா என்று பிடிபடாமல் நிற்கிறது. சித்தப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். சிலையை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு "உம்" என்றார்.

அங்கிருந்து நடந்து ஹார்ப்பர் நூலகத்துக்கு முன்னால் நிறுத்தினேன். பழைய கல் கட்டடம், இரண்டு பக்கமும் கோபுரம். 1962இல் கவிஞர் ஏ.கே. ராமானுஜன் இந்த ஊருக்கு வேலைக்கு வந்த புதிதில், ஒரு சனிக்கிழமை, பழந்தமிழ் இலக்கணம் தேடிக் கீழ்த்தளத்தில் நுழைந்தவர் கையில் உ.வே.சா. 1937இல் பதிப்பித்த குறுந்தொகை தட்டுப்பட்டது. அதிலிருந்துதான் அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பு பிறந்தது. சொன்னேன். சித்தப்பா கொஞ்ச நேரம் கட்டடத்தையே பார்த்தார். பிறகு கைத்தடியை ஊன்றிக் குனிந்து, புல்லை ஒட்டித் தெரிந்த சின்ன ஜன்னல்களைக் காட்டி, "இதுல எதுப்பா?" என்றார்.