ஊருக்குப் போகும் கால்களுக்கு மூன்று சோடி

வெளிநாட்டில் பதினைந்து இருபது வருடம் காலுறைக்குள்ளும் கம்பளத்தின் மேலும் நடந்த பாதம், யாழ்ப்பாணத்து ஊரில் வெறுங்காலோடு ஓடித்திரிந்த பாதம் அல்ல. அடித்தோல் மெலிந்துவிட்டது. பழைய நினைப்பில் முதல் நாளே மத்தியான வெயிலில் முற்றத்து மணலில் இறங்கினால் கொப்புளம் போடும். கொண்டுபோவது மூன்று சோடி என்றால் போதும்: பயணத்துக்கும் மலைநாட்டுக்கும் ஒரு சப்பாத்து, அன்றாடம் திரியப் பின்பட்டியுள்ள செருப்பு, கிணற்றடிக்கும் குளியலறைக்கும் ஓர் இறப்பர் பாட்டா. பாட்டாவை ஊரிலேயே வாங்கலாம். ஆனால் அடிவரி தேயாத சோடியாகப் பாருங்கள். பாசி பிடித்த சீமெந்தில் தேய்ந்த பாட்டா வழுக்கி விழுந்துதான் வயதானவர்கள் இடுப்பை முறித்துக்கொள்கிறார்கள்.

சப்பாத்தைப் புதிதாக வாங்குவதென்றால் பயணத்துக்கு மூன்று நான்கு கிழமை முன்பே, பின்னேரத்தில் போய் வாங்குங்கள். பின்னேரம் கால் சற்று வீங்கியிருக்கும். ஊர் வெக்கையில் வரும் வீக்கமும் அப்படித்தான். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு சென்ரிமீற்றர் இடம் இருக்கவேண்டும். அலுமாரியில் பல வருடம் கிடந்த பழைய சப்பாத்தைக் கொண்டுபோவதானால் முதலில் அடியை வளைத்துப் பாருங்கள். பொலியூரதேன் அடி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து உள்ளுக்குள்ளேயே உக்கிப்போகும். வெளியில் புதிதுபோலத் தெரியும். ஊரில் இரண்டாம் நாள் துண்டு துண்டாக உதிரும்.

விமானத்தில் கால் வீங்குவது கெண்டைக்கால் தசை வேலை செய்யாமல் இரத்தம் கீழே தேங்குவதால். நாடாவைத் தளர்த்தி விடுங்கள், அடிக்கடி எழுந்து நடவுங்கள். முழங்காலுக்குக் கீழான 15 முதல் 20 மில்லிமீற்றர் பாதரச அழுத்தக் காலுறை பலருக்கு உதவும். காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடியில் அடைப்புள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் அதைப் போடக்கூடாது.

கோயில்தான் கூடுதல் கவனம் வேண்டிய இடம். நல்லூர்த் திருவிழா 25 நாள். 24ஆம் நாள் தேர். நல்ல வெயில் காலம், வெறுங்கால், மணலும் தாரும். காலை ஒன்பது மணிக்கு முன்பும் மாலை ஐந்துக்குப் பின்பும் போனால் பாதம் தாங்கும். இடையில் போகவேண்டி வந்தால் நிழல் பக்கமாக நடந்து, தார் வீதியில் நிற்காமல் கடந்துவிடுங்கள். வல்லிபுர ஆழ்வார் கோயிலில் சிக்கல் வேறு: உதிரி மணலில் குதி புதைந்து புதைந்து கெண்டைக்கால் பிடிக்கும். சமுத்திரத் தீர்த்தத்துக்கு நடப்பவர்கள் ஈர மணல் ஓரத்தைப் பிடித்து நடப்பது நல்லது.

நீரிழிவு உள்ளவர்களுக்குச் சூடு தெரியாமலே பாதம் வெந்துபோகலாம். புறப்படுமுன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கண்ணை மூடிக்கொண்டு படுங்கள். இன்னொருவர் இரு காலிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளைச் சுட்டுவிரலால் மெதுவாக ஓரிரு நொடி தொடட்டும். அழுத்தவோ தேய்க்கவோ கூடாது. ஆறில் இரண்டு அல்லது அதற்கு மேல் தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது. மருத்துவரிடம் காட்டுங்கள், சுடுமணலில் வெறுங்காலோடு இறங்கவே வேண்டாம். நேர்த்தி என்றாலும் விடியற்பூசைக்கு வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் கண்ணாடியை வைத்து அடிப்பாதத்தைப் பார்த்து, விரலிடுக்கை ஒற்றித் துடையுங்கள்.

பனங்காணிக்கும் வேலியோரத்துக்கும் மெத்தென்ற பஞ்சடிச் செருப்பு ஆகாது. பனைமட்டைக் கருக்குக் கீறும், உடைமுள் அடியைத் துளைத்து ஏறும். கெட்டியான இறப்பர் அடி வேண்டும். ஏற்பு (ரெற்றனஸ்) ஊசி போட்டுப் பத்து வருடம் தாண்டியிருந்தால் போகுமுன் போட்டுக்கொள்ளுங்கள். இருட்டில் மூடிய சப்பாத்தும் ரோச் வெளிச்சமும் இல்லாமல் வளவில் நடக்காதீர்கள். புடையன் பாம்பு பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும்தான் கொத்தும். வெளியில் விட்ட சப்பாத்தைத் தட்டி உதறிவிட்டே காலை நுழையுங்கள், தேளோ மட்டத்தேளோ கிடக்கலாம். முகமாலை போன்ற இடங்களில் சிவப்புக் கண்ணிவெடிப் பலகைக்கு அப்பால் எந்தச் சப்பாத்தும் காக்காது.

ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. தோற்சப்பாத்து நனைந்தால் வெயிலில் வைக்காமல், உள்ளே பத்திரிகைத் தாளை அடைத்து, தாள் ஈரமாக ஈரமாக மாற்றி, காற்றில் காயவிடுங்கள். வெள்ளத்திலும் வயல் சேற்றிலும் இறங்குவதானால் முழங்கால் உயர இறப்பர் சப்பாத்து வேண்டும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் உயிர்களைக் கொண்டுபோன எலிக்காய்ச்சல் அந்தத் தண்ணீரால்தான் தொற்றுகிறது. காலில் சிறு கீறல் போதும்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். தை மாத இரவில் குளிர் எலும்பில் ஏறும். சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளை வியர்க்க வியர்க்க ஏறி, விடியுமுன் உச்சிக் காற்றில் காத்திருக்கும்போதுதான் கால் விறைக்கும். காரணம் வியர்வையில் ஊறிய பருத்திக் காலுறை. உச்சிக்குச் சற்றுக் கீழே அதைக் கழற்றி, உலர்ந்த கம்பளிக் காலுறைக்கு மாறுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டைத் திணித்தால் குளிர் கூடும்: சூட்டைப் பிடித்துவைக்கும் காற்றுக்கு இடமில்லை, இரத்த ஓட்டமும் நெரிபடும். இறங்கும்போது நாடாவைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டுங்கள். இல்லையென்றால் பெருவிரல் முன்னால் முட்டி நகம் கறுத்துவிடும்.

குளிர்காலத்தில் வெளிநாட்டுக்குத் திரும்பிப் போகிறவர்கள் அந்தக் கம்பளிக் காலுறையைக் கைப்பைக்குள்ளேயே வைத்து, சப்பாத்தைக் காலில் போட்டுக்கொண்டு ஏறுங்கள். பெட்டி ஒரு நாள் பிந்தி வந்தாலும் ரொறன்ரோப் பனியில் செருப்போடு நிற்க வேண்டியிராது.