அலுவலக மேசைத் தொலைபேசி: பொத்தான்களை முறையாகப் பயன்படுத்தும் வழி

சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிகளிலும், ஐந்து ரோட்டு அலுவலகங்களிலும், ஏற்காட்டு எஸ்டேட் ஆபீஸ்களிலும் மேசைமீது இருக்கும் தொலைபேசி பெரும்பாலும் இரண்டே வேலைகளுக்குத்தான் பயன்படுகிறது: மணி அடித்தால் எடுப்பதற்கும், பேசி முடித்தால் வைப்பதற்கும். வாடிக்கையாளர் ஒருவர் கணக்காளரைக் கேட்டால், அழைப்பை அவருடைய மேசைக்கு மாற்றாமல், "அவர் செல்லுக்கே கூப்பிட்டுக்கோங்க" என்று சொல்லி வைத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. கருவியில் வசதி இல்லாததால் இப்படி நடப்பதில்லை. எந்தப் பொத்தான் எதற்கு என்பதைப் புதிதாகச் சேர்பவருக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை என்பதே காரணம்.

முதலில் உங்கள் மேசையில் இருப்பது நேரடி இணைப்பா, இன்டர்காம் எக்ஸ்டென்ஷனா என்று தெரிந்துகொள்ள வேண்டும். ரிசீவரை எடுத்ததும் டயல் டோன் கேட்கும். அப்போது 0 அல்லது 9 அழுத்தினால் அந்த ஒலி நின்று வேறொரு டயல் டோன் கேட்குமானால், நீங்கள் சுவரில் மாட்டியிருக்கும் இபிஏபிஎக்ஸ் (அலுவலக மேசைகளை ஒன்றோடொன்றும் வெளி லைனோடும் இணைக்கும்) பெட்டி ஒன்றின் வழியாக, அதன் எக்ஸ்டென்ஷனில் பேசுகிறீர்கள் என்று பொருள். அழைப்பை மாற்றுதல், பிறர் மேசையில் அடிக்கும் மணியை உங்கள் மேசையிலிருந்தே எடுத்தல், மூவர் சேர்ந்து பேசுதல் ஆகிய வசதிகள் யாவும் உண்மையில் அந்தப் பெட்டிக்கு உரியவை. உங்கள் மேசைக் கருவி அதற்குக் கட்டளை அனுப்பும் விசைப்பலகை மட்டுமே. அதனால்தான் ஒரே மாடல் தொலைபேசி ஓர் அலுவலகத்தில் எல்லாம் செய்கிறது, இன்னோர் அலுவலகத்தில் ஒன்றும் செய்வதில்லை. புதிய கருவி வாங்குவதற்கு முன், பெட்டியைப் பொருத்தியவரிடம் அதன் கோடுகள் (வசதிகளுக்கான கட்டளை எண்கள்) அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்கிக்கொள்வதுதான் பயனுள்ள செலவில்லா வேலை.

எண் போடுவதில் குழப்பம் அனைத்தும் பூச்சியத்தால் வருகிறது. 2021 ஜனவரி 15 முதல் தரைவழித் தொலைபேசியிலிருந்து செல்பேசியை அழைக்க எண்ணுக்கு முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்பது நாடு முழுவதற்கும் உரிய விதி. வெளி லைனுக்கும் 0 என்று வைத்திருக்கும் இன்டர்காமில், முதல் பூச்சியம் பெட்டிக்கு, இரண்டாவது பூச்சியம் எக்ஸ்சேஞ்சுக்கு என்று இரண்டு போட்டால்தான் செல்பேசி எண் போகும். எடுத்துக்காட்டாக, மின்தடை குறித்து மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்குப் புகார் சொல்ல 94987 94987 என்ற எண்ணை எக்ஸ்டென்ஷனிலிருந்து அழைப்பவர் 0, சற்று நிறுத்தி மீண்டும் 0, அதன்பின் பத்து இலக்கங்கள் என்று போட வேண்டும். ஒரு பூச்சியத்தோடு நிறுத்தியவர்கள் அழைப்பு போகாததைக் கண்டு லைன் கெட்டுப்போனதாக முடிவு கட்டிவிடுகிறார்கள். சேலத்திலிருந்து ஏற்காட்டுத் தரைவழி எண்ணுக்குப் போடும்போதும் இதே கணக்குதான்: வெளி லைனுக்கான 0, பிறகு 04281, பிறகு ஆறு இலக்க எண். சேலம் நகருக்குள் 0427 தேவையில்லை, வெளி லைனுக்கான 0 மட்டும் போதும். 108, 112 போன்ற அவசர எண்களுக்கும் பெரும்பாலான பெட்டிகளில் அந்த முதல் பூச்சியம் கட்டாயம் என்பதை இரவுக் காவலர் உட்பட எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். பதற்றத்தில் நிற்பவருக்கு இது தானாகத் தோன்றாது.

இனி ஃப்ளாஷ் பொத்தான். ஒரே ஒரு பொத்தானை மட்டும் கற்றுக்கொள்ள நேரம் இருந்தால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன். இதை அழுத்தினால் கருவி லைனை ஒரு விநாடிக்கும் குறைவான நேரம் துண்டித்து மீண்டும் சேர்க்கிறது. அந்தச் சிறு துண்டிப்பைப் பெட்டி "பேசிக்கொண்டிருப்பவரை நிறுத்தி வை, எனக்கு டயல் டோன் கொடு" என்ற கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. பழைய ஆட்கள் ரிசீவர் வைக்கும் கொக்கியை விரலால் ஒரு தட்டுத் தட்டி இதே வேலையைச் செய்வார்கள். கை சற்றுத் தாமதித்தால் பெட்டி அதை ரிசீவர் வைத்ததாகக் கருதி அழைப்பை வெட்டிவிடும். ஃப்ளாஷ் பொத்தானில் அந்த நேரத்தைக் கருவியே அளந்து கொள்கிறது.

ஒரு ஜவ்வரிசி மண்டியின் முன்மேசையில் நீங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆத்தூர்ப் பக்கத்து ஆலைக்காரர் ஒருவர் அழைத்து, அனுப்பிய 90 கிலோ மூட்டைகளுக்குப் பணம் எப்போது வரும் என்று கேட்கிறார். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் 23ஆம் எக்ஸ்டென்ஷனில் இருக்கும் கணக்காளர். "ஒரு நிமிஷம் லைன்லயே இருங்க, கணக்குப் பார்க்கிறவர்கிட்ட கொடுக்கிறேனுங்க" என்று முதலில் சொல்லிவிட்டு, அதன்பிறகு ஃப்ளாஷ் அழுத்துங்கள். ஆலைக்காரருக்கு இசை கேட்கத் தொடங்கும். உங்களுக்கு டயல் டோன் வரும். 23 போடுங்கள். கணக்காளர் எடுத்ததும், "அண்ணா, ஆத்தூர் ஆலைக்காரர் லைன்ல இருக்காருங்க, பேமென்ட் கேட்கிறாரு, கொடுக்கட்டுங்களா?" என்று கேளுங்கள். அவர் சரி என்றால் உங்கள் ரிசீவரை வைத்துவிடுங்கள். அந்த நொடியே இருவரும் இணைந்துவிடுவார்கள். அவர் "மதியத்துக்கு மேல நானே கூப்பிடறேன்னு சொல்லிடும்மா" என்றால் மறுபடி ஃப்ளாஷ் அழுத்தி ஆலைக்காரரிடம் திரும்பி வந்து அதைச் சொல்லுங்கள். சில பெட்டிகளில் திரும்பி வருவதற்கு ஃப்ளாஷுடன் ஓர் இலக்கமும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். அது கோடுத் தாளில் இருக்கும்.

23 போட்டவுடன், எதிர்முனை எடுப்பதற்கு முன்பே ரிசீவரை வைத்துவிடும் முறையும் உண்டு. கணக்காளர் இருக்கையில் இல்லையென்றால் மணி சிறிது நேரம் அடித்துவிட்டு அழைப்பு உங்களிடமே திரும்பி வரும்படி பெரும்பாலான பெட்டிகள் அமைக்கப்பட்டிருக்கும். வேகமான முறைதான்; ஆனால் பணம் கேட்டு அழைப்பவரை இப்படித் தள்ளிவிடுவது அழகல்ல. யார், எதற்காக என்று தெரியாமல் ரிசீவரை எடுக்கும் கணக்காளர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்பார். அழைத்தவர் இரண்டாம் முறை சொல்லும்போது குரல் ஏறியிருக்கும்.

ஃப்ளாஷ் அழுத்தியும் டயல் டோன் வராமல் பேச்சே தொடர்ந்தாலோ, அழைப்பு அறுந்துபோனாலோ, துண்டிப்பு நேரம் பொருந்தவில்லை என்று அறியலாம். பல மாடல்களில் 100, 300, 600 மில்லி விநாடி என்பதுபோல் தேர்ந்தெடுக்கும் வசதி கருவியின் அடியில் சுவிட்சாகவோ மெனுவிலோ இருக்கும். பேச்சு தொடர்ந்தால் நேரத்தைக் கூட்டுங்கள், அறுந்தால் குறையுங்கள்.

ஹோல்டும் மியூட்டும் ஒன்றல்ல. ஹோல்டில் இருவருக்கும் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. மியூட்டில் அவர் பேசுவது உங்களுக்குக் கேட்கும், நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்காது. விலை பேசும்போது அருகில் இருப்பவரிடம் ஆலோசனை கேட்க மியூட் சரி. கோப்பு எடுக்க எழுந்து போவதானால் ஹோல்ட். ரிசீவரின் வாய்ப்பகுதியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு "இன்னும் பத்து ரூபாய் ஏற்றிச் சொல்லலாமா" என்று கேட்பது இன்றும் நடக்கிறது; கை மூடினாலும் குரல் எதிர்முனைக்குக் கேட்கக்கூடும் என்பதை அறிந்தால் யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள்.

ஸ்பீக்கரில் பேசும்போது சாதாரணக் கருவிகளில் ஒரு நேரத்தில் ஒருவர் குரல்தான் போகும். நீங்கள் இடைமறித்தால் அவருடைய சொல் பாதியில் வெட்டுப்படும். தலைக்கு மேலே ஓடும் மின்விசிறியின் இரைச்சலைக்கூடக் கருவி பேச்சாக எண்ணி எதிர்முனையை அடக்கிவிடும். எண், தொகை, முகவரி போன்றவற்றைக் குறிக்கும்போது ரிசீவரையே எடுத்துப் பேசுங்கள். ஸ்பீக்கரில் போடுவதற்கு முன் "உங்களை ஸ்பீக்கர்ல போட்டிருக்கேனுங்க, பக்கத்தில இன்னாரும் இருக்காருங்க" என்று சொல்லிவிடுவது மரியாதை.

பக்கத்து மேசையில் ஆளில்லாமல் மணி அடித்துக்கொண்டிருந்தால் எழுந்து ஓட வேண்டியதில்லை. பிக்கப் கோடு ஒன்று இருக்கும். உங்கள் ரிசீவரை எடுத்து அதைப் போட்டால் அந்த அழைப்பு உங்களிடம் வந்துவிடும். மூவர் பேச, முதலாமவரை ஃப்ளாஷில் நிறுத்தி, இரண்டாமவரை அழைத்து, கான்ஃபரன்ஸ் கோடு போட வேண்டும். உங்கள் எக்ஸ்டென்ஷனுக்கு வரும் அழைப்புகளை இன்னொன்றுக்குத் திருப்பிவிடும் வசதி விடுப்பு நாட்களில் உதவும்; திரும்பி வந்த காலையில் அதை நீக்க மறந்தால், "எனக்கு ஒரு போனும் வருவதில்லை" என்ற புகார் பிறக்கும். வெளியிலிருந்து யாரோ அழைத்து, நட்சத்திரக் குறியும் எண்களும் கொண்ட ஏதோ ஒரு கோடைப் போடச் சொன்னால் ஒருபோதும் போடக்கூடாது. உங்கள் அழைப்புகளை அவர்கள் பக்கம் திருப்பிவிட அது போதும்.

அடிக்கடி அழைக்கும் எண்களை நினைவகத்தில் பதியும்போது எக்ஸ்டென்ஷன்காரர்கள் சந்திக்கும் தொல்லை ஒன்று உண்டு. கையால் போட்டால் போகும் எண், நினைவகப் பொத்தானில் போகாது. கருவி எல்லா இலக்கங்களையும் ஒரே மூச்சில் அனுப்பிவிடுகிறது. வெளி லைனின் டயல் டோன் வருவதற்குள் முதல் சில இலக்கங்கள் வீணாகிவிடுகின்றன. பதியும்போது முதல் 0 போட்டதும் பாஸ் (Pause, அதாவது சற்று இடைவெளி விடும்) பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டு மீதியைப் போட்டால் இது தீரும். பல கருவிகளில் ரீடயல் பொத்தானே பதியும் நேரத்தில் பாஸாகவும் வேலை செய்யும்.

ரீடயல் குறித்து ஓர் எச்சரிக்கை. வங்கியின் பதிவுக்குரல் கேட்டுக்கொண்டபடி கணக்கு எண்ணையும் பின் எண்ணையும் அழுத்தியிருந்தால், பல மாடல்கள் அவற்றையும் கடைசி எண்ணோடு சேர்த்து வைத்துக்கொள்ளும். திரையுள்ள கருவியில் அடுத்து உட்காருபவர் ரீடயல் அழுத்தினால் அந்த இலக்கங்கள் வரிசையாக ஓடும். அத்தகைய அழைப்புக்குப் பிறகு உள் எக்ஸ்டென்ஷன் ஒன்றைப் போட்டு வைத்துவிடுங்கள், பழையது அழிந்துவிடும்.

பதிவுக்குரல் "தமிழுக்கு 1 அழுத்தவும்" என்று சொல்லி, அழுத்தியும் பயனில்லையென்றால் கருவியின் பக்கவாட்டில் டி, பி என்று குறித்த சுவிட்சைப் பாருங்கள். பி என்பது பழைய துடிப்பு முறை. எண் போடும்போது டக் டக் என்ற ஒலி கேட்கும். அதை டி (டோன்) பக்கம் தள்ள வேண்டும். மணியே அடிக்கவில்லை என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது ரிங்கர் சுவிட்ச். மேசை துடைக்கும்போது துணி பட்டு அது ஆஃப் பக்கம் நகர்ந்திருக்கும். பேசும்போது கரகரவென்று கேட்டால் சுருள் ஒயரின் இரு முனைகளையும் கழற்றி மாட்டுங்கள். முறுக்கேறியிருந்தால் ரிசீவரைத் தொங்கவிட்டால் தானே சுழன்று சரியாகிவிடும்.

ஏற்காட்டுக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியவை இரண்டு. சித்திரை, வைகாசியில் மலைமேல் இடி மின்னலோடு மழை கொட்டும்போது செப்புக்கம்பி இணைப்பில் பேசக்கூடாது. மின்னல் கம்பி வழியே கருவிக்கும் பேசுபவருக்கும் வரக்கூடும். இடி தொடங்கும் முன்பே சுவரில் உள்ள சாக்கெட்டிலிருந்து லைன் ஒயரைக் கழற்றி வைப்பது நல்லது. இடித்துக்கொண்டிருக்கும்போது கழற்றப் போகாதீர்கள்.

இரண்டாவது, ஃபைபருக்கு மாறியவர்கள் கவனிக்க வேண்டியது. செப்புக்கம்பிக் காலத்தில் எக்ஸ்சேஞ்சின் பேட்டரியே 48 வோல்ட் மின்சாரத்தைக் கம்பி வழியே அனுப்பியதால், எஸ்டேட்டில் கரண்ட் போனாலும் தொலைபேசி பேசியது. ஃபைபரில் தொலைபேசி மோடத்தின் பின்னால் செருகப்படுகிறது. மோடத்துக்குக் கரண்ட் இல்லையென்றால் டயல் டோனும் இல்லை. மோடத்துக்கென்றே கிடைக்கும் சிறிய யுபிஎஸ் ஒன்றை வாங்கிப் பொருத்துங்கள். இன்டர்காம் பெட்டி இருந்தால் அதற்கும் பேட்டரி இணைப்பு வேண்டும். பொருத்திய அன்றே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எக்ஸ்டென்ஷன் ஒன்றிலிருந்து வெளியூருக்கு ஓர் அழைப்புப் போட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள்.