ஹீம் புரதத்தில் பெராக்சைடு சேர்க்கும்போது செய்யும் தவறுகள்

ஹீம் புரதம் என்றால் நடுவில் இரும்பு உள்ள போர்ஃபிரின் வளையத்தைக் (ஹீம்) கொண்ட புரதம். அதனுடன் ஹைட்ரஜன் பெராக்சைடு எவ்வளவு கூடுதலோ வினை அவ்வளவு நன்றாக நடக்கும் என்ற எண்ணம்தான் பெரும்பாலான சோதனைகளைக் கெடுக்கிறது. ஹார்ஸ்ராடிஷ் பெராக்சிடேஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வு நிலையிலுள்ள ஃபெரிக் (இரும்பு Fe3+) நொதி ஒரு பெராக்சைடு மூலக்கூறுடன் சேர்ந்து காம்பவுண்ட் 1 ஆகிறது. ஒடுக்கும் பொருள் ஓர் எலக்ட்ரானைத் தந்தால் காம்பவுண்ட் 2. இன்னொன்றையும் தந்தால் பழையபடி ஃபெரிக் நிலை. ஒடுக்கும் பொருள் போதாமல் பெராக்சைடு மட்டும் மிகுந்து நின்றால் காம்பவுண்ட் 2 அதனுடனேயே வினைபுரிந்து காம்பவுண்ட் 3 ஆகி, சுழற்சியிலிருந்து விலகித் தேங்கிவிடும். அதையும் மீறினால் போர்ஃபிரின் வளையம் உடைந்து இரும்பு வெளியேறும்.

இந்தச் சிதைவை அடையாளம் காண்பதிலும் தவறு நேர்கிறது. காம்பவுண்ட் 1 உருவாகும்போதே சோரே பட்டை (400 நானோமீட்டரை ஒட்டி ஹீம் பலமாக ஒளியை உறிஞ்சும் பட்டை) ஏறக்குறைய பாதியாகக் குறையும்; அதைச் சிதைவு என்று எண்ணிவிடக் கூடாது. ஒடுக்கும் பொருளைச் சிறிது சேர்த்துப் பாருங்கள். 403 நானோமீட்டரில் பழைய உயரம் திரும்பினால் ஹீம் நலமாக இருக்கிறது. திரும்பாவிட்டால் போனது போனதுதான்.

புட்டியில் ஒட்டியிருக்கும் எண்ணை நம்புவது அடுத்த தவறு. 30 சதவீதக் கரைசல் புதிதாக இருக்கும்போது ஏறக்குறைய 9.8 மோலார், நாள்பட அது குறையும். 100 மில்லிலிட்டர் நீரில் 102 மைக்ரோலிட்டர் விட்டால் சுமார் 10 மில்லிமோலார் கிடைக்கும். 1 செ.மீ. குவெட்டில் (ஒளி உறிஞ்சுதலை அளக்கும் சிறு கலம்) 240 நானோமீட்டரில் அதன் உறிஞ்சுதல் 0.436 இருக்க வேண்டும் (மோலார் உறிஞ்சுதல் எண் 43.6). குறைந்திருந்தால் அளந்த மதிப்பையே கணக்கில் எடுங்கள். புரதம் சேர்ப்பதற்கு முன்பே இதை அளந்துவிட வேண்டும். புரதமும் 240இல் உறிஞ்சும். பிப்பெட்டை நேரே மூலப் புட்டிக்குள் விடவும் கூடாது: உலோகச் சுவடு கொஞ்சம் போனாலும் பெராக்சைடு சிதையத் தொடங்கும்.

செறிந்த பெராக்சைடைப் புரதத்தின்மேல் சொட்டினால், கலப்பதற்குள் சொட்டு விழுந்த இடத்தில் ஹீம் வெளுத்துவிடும். 10 மைக்ரோமோலார் மெட்மயோகுளோபின் (இரும்பு ஃபெரிக் நிலையிலுள்ள மயோகுளோபின்) 1 மில்லிலிட்டர் இருந்தால், மேற்சொன்ன 10 மில்லிமோலார் கரைசலில் 10 மைக்ரோலிட்டர் விட்டு உடனே கலக்குங்கள். பத்து மடங்கு பெராக்சைடு. நடுநிலை pH-இல் இது பல நொடிகள் எடுக்கும் வினை. சாதாரண நிறமாலைமானியிலேயே 409 நானோமீட்டர்ப் பட்டை 420ஐத் தாண்டி நகர்வதைப் பார்க்கலாம்; அதுதான் ஃபெரில் (இரும்பு Fe4+ ஆகி ஆக்சிஜனுடன் பிணைந்த நிலை). பெராக்சிடேஸுக்கு இந்தப் பொறுமை கிடையாது: அதன் வேக மாறிலி நொடிக்கு, மோலாருக்கு 10 மில்லியனுக்கும் மேல். கையால் கலக்கி முடிப்பதற்குள் காம்பவுண்ட் 1 உருவாகியிருக்கும். அந்த வேகத்தை அளக்க ஸ்டாப்டு ஃப்ளோ கருவிதான் (கரைசல்களை மில்லி நொடிகளில் கலந்து அளப்பது) வேண்டும்.

பஃபரில் என்ன கிடக்கிறது என்று பாருங்கள். கெடாமலிருக்கச் சேர்க்கும் சோடியம் அசைடு ஹீமைப் பிடித்துக்கொள்ளும், பெராக்சிடேஸைச் செயலிழக்கச் செய்யும். டிடிடி (டைதயோத்ரைட்டால், DTT), அஸ்கார்பேட் போன்ற ஒடுக்கும் பொருள்கள் ஃபெரிலை உருவான வேகத்திலேயே ஒடுக்கிவிடும். வினையே நடக்கவில்லை என்று தோன்றும். மயோகுளோபினை மெட் நிலைக்கு மாற்ற ஃபெரிசயனைடு போட்டிருந்தால் உப்பு நீக்கும் காலத்தில் (column) ஓட்டி அதை அகற்றுங்கள். அது 420 நானோமீட்டரில் உறிஞ்சும், ஃபெரில் பட்டையோடு கலந்துவிடும்.

கடைசியாக, வினையை நிறுத்தக் கேட்டலேஸ் சேர்ப்பது. அது எஞ்சிய பெராக்சைடைத்தான் அழிக்கும். ஏற்கெனவே உருவான ஃபெரில் அப்படியே இருக்கும், பிறகு மெதுவாகத் தானே ஒடுங்கும். கேட்டலேஸும் ஹீம் புரதம்தான், 405 நானோமீட்டரில் பலமாக உறிஞ்சுவது. ஆகவே நானோமோலார் அளவே போதும், அதையும் ஒப்பீட்டுக் குவெட்டில் சேர்க்க மறக்காதீர்கள். சில கேட்டலேஸ் தயாரிப்புகளில் தைமால் கலந்திருக்கும். அது ஃபீனால் வகை என்பதால் ஃபெரிலை ஒடுக்கும். வாங்கும்போதே கலவையைப் படித்துவிடுங்கள்.