யூத வெறுப்பையும் யூத இனப்படுகொலையையும் பற்றி எழுத மாணவரைப் பழக்குதல்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத் தமிழ்வழிப் பள்ளிகளில் உயர்நிலை வகுப்புகளுக்கு வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். நாஜி ஜெர்மனியைப் பற்றிக் கட்டுரை கேட்டால், ‘அறுபது இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர்’ என்று மாணவர்கள் சரியாகவே எழுதிவிடுவார்கள். ஆனால் கொன்றவர் யார், எந்த ஆணையின்படி கொன்றார் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை.

ஆகவே முதல் பயிற்சி இலக்கணத்திலிருந்தே தொடங்கட்டும். செயப்பாட்டு வினையில் உள்ள வாக்கியங்களைச் செய்வினைக்கு மாற்றச் சொல்லுங்கள். எழுவாயைத் தேடப் புகும் மாணவர் வரலாற்றுக்குள் இறங்கியாக வேண்டும். 1935-இல் நியூரம்பெர்க் சட்டங்களை இயற்றி யூதரின் குடியுரிமையைப் பறித்தது ஜெர்மன் அரசு. 1941 செப்டம்பர் 29, 30 தேதிகளில், கீவ் நகரின் பாபின் யார் பள்ளத்தாக்கில், நாஜிக் கட்சியின் எஸ்எஸ் படையினரும் ஜெர்மானியக் காவலரும் உள்ளூர்த் துணைக் காவலரின் உதவியோடு 33,771 யூதரைச் சுட்டுக் கொன்றனர். இது கொன்றவர்களே தம் அறிக்கையில் பதிந்த எண். எல்லாவற்றையும் ஹிட்லர் ஒருவர் மேல் ஏற்றிவிடும் கட்டுரையை, அது எவ்வளவு உருக்கமாக இருந்தாலும், திருத்தி எழுதச் சொல்லித் திருப்பிக் கொடுங்கள்.

அடுத்தது, ஆவணத்தை ஐயத்தோடு படிக்கும் பழக்கம். 1942 ஜனவரி 20 அன்று பெர்லினின் வான்சே பகுதியில் கூடிய நாஜி அதிகாரிகளின் கூட்டக் குறிப்பு, கொலையை ‘கிழக்கே வெளியேற்றுதல்’ என்றே பேசுகிறது. அதனருகே, போலந்தின் வார்சாவில் யூதரை அடைத்து வைத்த கெட்டோ பகுதியில் வரலாற்றாசிரியர் இமானுவேல் ரிங்கெல்பிளம் குழுவினர் திரட்டி, தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் புதைத்து, 1946-இலும் 1950-இலும் தோண்டியெடுக்கப்பட்ட பதிவுகளை வையுங்கள். ஒரே கொடுமையை இரு தரப்பும் எப்படி எழுதின என்று ஒப்பிடுவதே நல்ல கட்டுரைப் பொருள். முகாம் கைதியாகத் தன்னைக் கற்பனை செய்து கடிதம் எழுதும் பயிற்சியை மட்டும் தயவுசெய்து தராதீர்கள். உண்மையில் எழுதியவர்களின் சொற்கள் இருக்கும்போது அந்தக் கற்பனை அவர்களை மறைத்துவிடும்.

வெறுப்பு ஹிட்லரோடு பிறந்ததன்று. கொள்ளைநோய் பரவிய 1348–49-இல் ஐரோப்பியர் பலர், கிணறுகளில் யூதர் நஞ்சிட்டதாகப் பழி சுமத்தி அவர்களைக் கொன்றனர். 1903-இல் ரஷ்யாவில் வெளியான, யூதர் உலகை ஆளச் சதி செய்வதாகச் சொல்லும் போலி ஆவணத்தை 1921-இலேயே லண்டன் ‘டைம்ஸ்’ அம்பலப்படுத்தியது. அதே கதை இன்று வாட்ஸ்அப்பில் வந்தால், அதை யார் எழுதினார், என்ன சான்று என்று மாணவர் கேட்க வேண்டும்.

வாய்ப்பிருந்தால் கொச்சியின் மட்டாஞ்சேரிக்கு அழைத்துச் செல்லுங்கள். 1568-இல் எழுந்த பரதேசி ஜெபாலயமும், யூத வணிகத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு உரிமைகள் வழங்கிய வட்டெழுத்துச் செப்பேட்டின் வரலாறும், யூதர் இங்கே நூற்றாண்டுக் கணக்கில் வணிகம் செய்து வாழ்ந்த மக்கள் என்பதைக் காட்டும். ஆனால் ‘நம் நாட்டில் யூதருக்குத் துன்பமே இல்லை’ என்ற பெருமையோடு கட்டுரை முடிந்துவிட விடாதீர்கள். கொடுங்கல்லூரை விட்டு அவர்கள் ஏன் கொச்சிக்கு வந்தார்கள் என்று கேளுங்கள்.

சாதிக் கொடுமையோடு ஒப்பிட மாணவர் விரும்புவார்கள். தடுக்க வேண்டாம், ஒற்றுமையையும் வேற்றுமையையும் தனித்தனிப் பத்திகளில், சான்றோடு எழுதச் செய்யுங்கள். பாலஸ்தீனம் பற்றிய கேள்வியும் வரும். இஸ்ரேல் அரசின் செயலைக் கண்டிக்கும் வாக்கியமும், அதற்காக யூதர் அனைவரையும் பழிக்கும் வாக்கியமும் வேறு வேறு என்பதை அவர்களின் வாக்கியங்களைக் கொண்டே விளக்குங்கள்.

மதிப்பிடும்போது ஒவ்வொரு கூற்றின் அருகிலும் அதற்கான சான்றை மாணவரே ஓரத்தில் குறிக்கட்டும். சான்றில்லாத கூற்றுகளை அடித்துவிட்டு, எஞ்சியதைக் கொண்டு இரண்டாம் வரைவை எழுதச் சொல்லி, அந்த வரைவுக்கே மதிப்பெண் கொடுங்கள்.